வரி ரசீதில் அம்மா பெயர்

எங்கள் குப்பத்தில் வரி என்றால் தலைக்கட்டு வரிதான். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. கோயில் திருவிழாவோ ஊர்ச்செலவோ, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். கட்டுகிறவனுக்கு ஊர்க்கூட்டத்தில் பேச்சு உண்டு, பழவேற்காடு ஏரியின் பாட்டில் பங்கு உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறைவைத்துப் பிரிக்கும் பழைய ஏற்பாடுதான் பாடு. அதில் பெண்ணுக்குப் பங்கு கிடையாது. அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டுக்குத் தலைக்கட்டு அண்ணன். அம்மா எந்தக் கணக்கிலும் வரவில்லை.

ஆனால் அம்மா காசு கட்டாத நாளில்லை. முப்பது வருஷம் பொன்னேரிக்குக் கூடை சுமந்து வந்து மீன் விற்றாள். சந்தையில் உட்காரக் கூடைக்கு இவ்வளவு என்று தினமும் கொடுத்தாள். கிழித்துத் தரும் துண்டுச் சீட்டில் தொகை இருக்கும், பெயர் இருக்காது.

2025இல் பொன்னேரி நகராட்சி எல்லைக்குள் ஒரு சின்னப் பழைய வீடு விலைக்கு வந்தது. 18 லட்சம். என் சம்பளத்தை வைத்து வங்கி 90 சதவீதம் கடன் தரச் சம்மதித்தது. மாதத் தவணையைத்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன். சாவி கைக்கு வருமுன் வைக்க வேண்டிய பணத்தை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

கைப்பணம் 1,80,000. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், 1,26,000. பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 36,000. மொத்தம் 3,42,000. வீட்டு விலை 10 லட்சத்தைத் தாண்டினால் முத்திரைத்தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் விலையோடு சேர்த்து வங்கி கடன் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. இதற்கு மேல் வில்லங்கச் சான்றிதழ், வக்கீல் கருத்து, பத்திரம் எழுதும் கூலி, வங்கியின் பரிசீலனைக் கட்டணம்.

பெண் பெயரில் பதிந்தால் சலுகை உண்டே என்று கேட்டேன். உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. ஆனால் சொத்தின் மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வரம்பு இல்லாதிருந்தால் 18,000 மிச்சம். அதற்கு எத்தனை கூடை விற்க வேண்டும் என்று அம்மா விரலை மடக்கிப் பார்த்தாள்.

பணம் எங்கிருந்து வந்தது? என் சங்கிலியும் வளையலும் அடகுக்குப் போயின. அம்மா சீட்டை முன்னதாகவே தள்ளி எடுத்தாள். மீதி மகளிர் குழுக் கடன். அப்போதுதான் அண்ணன் சொன்னான்: "எம்பேர்ல எழுதிடலாம்மா. ஆபீஸ் ஆபீஸா பொம்பளைங்க அலைய முடியாது." அவன் கெட்டவன் இல்லை. எங்கள் உறவில் எல்லா வீடுகளும் அப்படித்தான் வாங்கப்பட்டன. முன்பணம் பெண்ணின் நகை, பத்திரம் ஆணின் பெயர். நகை மீட்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதே அபூர்வம்.

அம்மா ஒரே வார்த்தைதான் கேட்டாள்: "அடகுக் கடைக்கு அலைஞ்சது யாரு?"

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1989இல் தமிழ்நாட்டில் அது சட்டமானது. கல்லூரியில் படித்தபோது பெருமையாக இருந்தது. பிறகுதான் உறைத்தது, அது குடும்பச் சொத்தைப் பற்றிய சட்டம். எங்கள் அப்பா விட்டுப் போனது வலையும் கடனும்தான். குடியிருந்த மண்ணுக்குப் பட்டா இல்லை. பங்கு கேட்கவே ஏதுமில்லாத வீட்டுப் பெண்ணுக்குச் சொத்து என்றால் விலைக்கு வாங்குவது ஒன்றே வழி. அந்த வழியின் வாசலில்தான் இந்த 3,42,000 நிற்கிறது.

பத்திரம் அம்மா பெயரிலும் என் பெயரிலும் பதிவானது. அதோடு முடியவில்லை. பழைய சொந்தக்காரர் மூன்று அரையாண்டு சொத்து வரி பாக்கி வைத்திருந்தார். வரிப் பாக்கி ஆளோடு போகாது, வீட்டோடு நிற்கும். பாக்கியைக் கட்டித்தான் பெயர் மாற்றினோம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கடைசி வரி ரசீதையும் குடிநீர்க் கட்டண ரசீதையும் கேட்டிருந்தால் அதை விலையில் கழித்திருக்கலாம். வீடு வாங்கப்போகும் பெண்களுக்கு என் முதல் புத்திமதி இதுதான்.

புது ரசீது வந்த அன்று அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இதுல எம்பேரு எங்கேகீது?" என்றாள். காட்டினேன். விரலை அதன் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு, "வரி கட்டுறவந்தான் ஊர்க்காரன்னு சொல்லுவாங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

குப்பத்துக் கூட்டத்தில் அவளுக்கு இன்றும் இடமில்லை. என் வளையல் இன்னும் அடகில் இருக்கிறது. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் சொத்து வரியில் 5 சதவீதம் குறையும் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அக்டோபர் ஒன்றாம் தேதி விடிகாலையிலேயே எழுப்பிவிட்டாள்:

"தேதி பொறந்துடுச்சி. நம்ம வரியக் கட்டிட்டியா?"