காலியாக விட்ட வரி

பொய் சொன்னது நான்தான். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை, கெடுவும் வைக்கவில்லை.

மணவாள நகரில் குடியிருக்கிறேன். பகலில் பக்கத்து ஆலை ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கோ–நோகோ கேஜில் நிற்காத பாகத்தை ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவேன். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேஜை எடுத்து ஒளித்துவைத்ததில்லை. வீட்டில் இரவு நேரத்தில் அதைச் செய்தேன்.

தமிழ்ச் சொற்களை அகர வரிசைப்படுத்தும் சிறு நிரல் ஒன்று எழுதி, டெபியன் என்ற இயங்குதளத்துக்காகப் பேக்கேஜ் செய்துகொண்டிருந்தேன். என்னைப் போன்ற வெளியாள் நேரடியாக ஏற்ற முடியாது. அனுமதி பெற்ற ஒருவர் ரிவ்யூ செய்து, தன் சாவியால் கையெழுத்திட்டு ஏற்றுவார். சம்பளமில்லாத வேலை.

அனுப்புவதற்கு முன் சுத்தமான சூழலில் பில்டு செய்து பார்த்தேன். என் லேப்டாப்பில் தேறிய டெஸ்ட்களில் நான்கு அங்கே தோற்றன. பதினொன்றரை மணி. காரணம் தேடப் பொறுமையில்லை. ரூல்ஸ் கோப்பில் டெஸ்ட் ஓட்டும் கட்டளையை ஓவர்ரைடு செய்து காலியாக விட்டேன். பில்டு முடிந்தது. அனுப்பிவிட்டேன்.

ரிவ்யூ செய்தவர் கவனித்துவிட்டார். டெஸ்ட்டை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். “பில்டு சூழலில் தமிழ் லோகேல் இல்லை, அதனால் தோற்கிறது, நிரலில் குறையில்லை” என்று எழுதினேன். நான் சோதித்துப் பார்க்காத காரணம் அது. அவருக்குத் தமிழ் தெரியாது. ‘கொக்கு’ சரியான இடத்தில் நிற்கிறதா என்று அவரால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த டெஸ்ட்கள்தான் அவருக்குக் கண். அதை நான் கட்டிவிட்டேன். அவர் நம்பிக் கையெழுத்திட்டார்.

உண்மைக் காரணம் பிறகுதான் தெரிந்தது. யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது இரண்டையும் தனித்தனியாக. இரண்டும் ஒன்றே என்பது யூனிகோடின் விதி. என் லேப்டாப்பில் வேறு வேலைக்காக எப்போதோ நிறுவிய நூலகம் ஒன்று அவற்றை ஒன்றாக்கித் தந்திருக்கிறது. சார்புப் பட்டியலில் அதை நான் எழுதவே இல்லை. அது இல்லாத கணினிகளில் ஒரே சொல் இரண்டு இடங்களில் விழுந்தது.

அப்போது இன்னொரு சம்பவம் நினைவுக்கு வந்தது. 2024 மார்ச் 29 அன்று, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் பேக்கேஜில் பின்வாசல் இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் அறிவித்தார். எஸ்எஸ்எச் உள்நுழைவில் ஏறத்தாழ அரை நொடித் தாமதம் ஏன் என்று தோண்டியவர் அவர். டெஸ்ட் கோப்புகளுக்குள் ஒளிந்த விஷம் டெபியனின் அன்ஸ்டேபிள் கிளைவரை வந்திருந்தது. பின்வாசல் வைத்தவர்கள் செய்தது சதி, நான் செய்தது சோம்பல். ஆனால் இரண்டும் ஒரே நம்பிக்கையைத்தான் தின்றன.

நூலகத்தைப் பட்டியலில் சேர்த்தேன், காலி வரியை நீக்கினேன். அன்று எழுதியது பொய் என்று ரிவ்யூ செய்தவருக்கு மடல் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.