அத விட்டுட்டு அடுத்தத வாசி, மக்கா

சாயங்காலம் ஏழு மணியானால் ஆச்சி அரிக்கன் விளக்கின் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைப்பாள். முந்தானையால் ஒருமுறை ஒற்றி, திரியை ஏற்றி, நடுக்கூடத்தில் வைத்தால் குடும்ப ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம். கோரைப்பாயை விரிப்பது என் வேலை. அப்பா, அம்மா, பெரியத்தை, நாங்கள் மூன்று பிள்ளைகள் என்று எல்லோரும் உட்காருவோம். சித்தப்பா மட்டும் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார்.

நாசரேத்துக்கும் மெஞ்ஞானபுரத்துக்கும் இடையில், தேரிக்காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. வானம் தெளிந்த நாளில் மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரம் பனைகளுக்கு மேலே ஊசி நட்ட மாதிரி தெரியும். தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்தே வேதக்காரர்கள் நாங்கள். பிறந்தால் ஞானஸ்நானம், பதினைந்து வயதில் திடப்படுத்தல், செத்தால் கல்லறைத் தோட்டம் என்று வழி போட்டு வைத்த வாழ்க்கை. அந்த வீட்டில் ஒருவர் ஜெப நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்திருப்பது, கல்யாணப் பந்தியில் ஓர் இலை மட்டும் மடக்கிக் கிடப்பது மாதிரி. யார் கண்ணும் அதைத் தாண்டிப் போகாது.

காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. 1971-இல் சின்ன அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. நாசரேத்தில், மர்காஷிஸ் ஐயர் காலத்திலேயே பேர் வாங்கிய ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் அப்போது ஊருக்கு வந்திருந்த ஓர் ஊழியக்காரர், மருந்து வேண்டாம், உபவாசம் இருந்து ஜெபித்தால் போதும் என்றார். வீட்டார் அவர் பேச்சைக் கேட்டார்கள். சித்தப்பா ஒருவர்தான் வண்டி பிடிக்கச் சொல்லி மன்றாடினாராம். வண்டி பிடித்தபோது காலம் கடந்திருந்தது. அத்தைக்கு வயது 19. அடக்கம் முடிந்து திரும்பிய அன்று, இந்த வீட்டில் யாருக்கோ விசுவாசக் குறைவு இருந்திருக்கிறது என்று அந்த மனிதர் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குக் கோயில் படியை விட்டு இறங்கியவர்தான் சித்தப்பா. பிறகு ஏறவில்லை. அவருடைய தகரப் பெட்டியில், பகத்சிங் 1930-இல் லாகூர்ச் சிறையிலிருந்து எழுதி, ஜீவா தமிழில் தந்த ‘நான் நாத்திகன் ஏன்?’ இருந்தது. அதை அவர் ஒளித்து வைக்கவும் இல்லை, எங்களிடம் நீட்டவும் இல்லை. பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதினார். சம்பளத்தை ஆச்சி கையில் கொடுத்தார். பொய் சொல்ல மாட்டார்.

அப்பாவுக்கு இது தீராத வலி. அவர் ஜெபத்தில் வழிதப்பிய ஆடு, கடின இருதயம், அந்நிய நுகம் எல்லாம் வரும். அந்த இடம் வந்ததும் குரல் ஒரு படி ஏறும், திண்ணைக்கு எட்டுகிற மாதிரி. அந்த ஜெபம் கடவுளை நோக்கிப் போகவில்லை, சுவரைத் தாண்டி ஓர் ஆளை நோக்கிப் போனது என்று இப்போது நினைக்கிறேன். அப்பா தம்பியை நேசிக்காதவர் இல்லை. பயம்தான் அவரை அப்படிப் பேச வைத்தது. ஆனால் திண்ணையில் இருந்தவருக்கு அது கல்லாகத்தான் வந்து விழுந்திருக்கும்.

ஆச்சி ஜெபிக்கும் முறை வந்தால் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவாள். முடிப்பதற்கு முன்பு சற்று நேரம் சத்தமே இருக்காது, உதடு மட்டும் அசையும். ஆமென் சொன்ன கையோடு வாசலைப் பார்த்து, “மக்கா, பசிச்சிருக்கும். வா, சோறு ஆறிரும்” என்பாள். அவர் பசியை நினைத்துத்தான் ஜெபத்தைச் சுருக்கினாள் என்று அம்மா பின்னாளில் சொன்னாள். அசனப் பண்டிகையில் எல்லோரும் வாளியில் சோறும் கறியும் வாங்கி வருவார்கள். எங்கள் வாளி வீட்டுக்கு வந்ததும் முதல் தட்டு சித்தப்பாவுக்கு. கோயிலுக்கு வராதவனுக்குக் கோயில் சோறா என்று பெரியத்தை ஒருமுறை கேட்டுவிட்டாள். “சோத்துக்கு என்ன திடப்படுத்தலா குடுத்திருக்கு?” என்றாள் ஆச்சி.

எனக்கு ஒன்பது வயதில் அந்தப் பாவம் நடந்தது. கோடை விடுமுறையில் விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்து, மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கிய மிதப்பில் வந்தேன். சித்தப்பா முற்றத்தில் என் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமிழ்த்தி, ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குத்தவைத்து, “சித்தப்பா, நீங்க நரகத்துக்குத்தான் போவீங்க” என்றேன். அவர் நிமிரவில்லை. குமிழி வந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தி, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவினார். பசை காயும்வரை இருவரும் பேசவில்லை. டியூபைச் சக்கரத்தில் மாட்டி, காற்றடித்து, “ஓட்டிப் பாரு” என்று தந்தார்.

உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி அன்று இரவு என்னைத் தனியாக அழைத்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். “ஏல, நரகத்து வாசல்ல ஒன்னய யாரு காவலுக்கு வச்சா?” என்றாள். பிறகு என் தலையைத் தடவி, “அவனுக்காவ ஜெபம் பண்ணு. ஆனா அவங்கிட்ட பேசும்போது சைக்கிளப் பத்திப் பேசு” என்றாள்.

சபைப் போதகரான ஐயர் ஆச்சியைத் தேற்ற மோனிக்காவின் கதையைச் சொல்லுவார். மகன் அகுஸ்தீனுக்காக வருஷக்கணக்கில் அழுது ஜெபித்த தாய். அவன் 387-இல் மிலானில் ஞானஸ்நானம் பெற்றதைக் கண்ணால் கண்டு, அதே வருஷம் கண்ணை மூடினவள். ஒருமுறை ஆச்சி மெதுவாகக் கேட்டாள்: “அவளுக்குக் காணக் குடுத்துவச்சிது. காணாமலே செத்த தாய்மாரும் இருப்பாங்கல்லா, ஐயரே?” ஐயர் நல்ல மனிதர். பதில் சொல்லாமல் காப்பியைக் கையில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

1982-இல் ஆச்சிக்குப் பார்வை போய்விட்டது. நரம்பு செத்துவிட்டது, கண்ணாடியும் உதவாது என்றார்கள். வேதம் வாசிக்க முடியாததுதான் அவளுக்குப் பெரிய இழப்பு. அப்பா வாசித்தால் பிரசங்கம் சேர்ந்துவிடும், நான் வாசித்தால் தப்புத் தப்பாக வரும். ஒருநாள் மத்தியானம் பள்ளியிலிருந்து வந்தபோது திண்ணையில் சித்தப்பாவின் குரல் கேட்டது. ரூத்தின் சரித்திரத்தை வாசித்துக்கொண்டிருந்தார். கணக்கு எழுதுகிறவரின் சுத்தமான உச்சரிப்பு. கிண்டல் இல்லை, உருக்கமும் இல்லை. அம்மாவுக்குக் கண் இல்லை, தனக்கு இருக்கிறது என்கிற அளவுதான். ஊர் இதை மனந்திரும்புதல் என்றது. சபையார் இருவர் துதி சொல்லக்கூட வந்தார்கள். ஆச்சி அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டாள். “எம் பிள்ள எனக்கு வாசிக்கான். அவ்வளவுதான்” என்றாள்.

மாதங்கள் போய் லூக்காவின் பதினைந்தாம் அதிகாரம் வந்தது. கெட்ட குமாரன் கதை. நான் பக்கத்தில் இருந்தேன். சித்தப்பா பக்கத்தைத் திருப்பியவர் அப்படியே நின்றார். அந்தப் பக்கத்தில் பனங்குருத்தில் முடைந்த சிறு சிலுவைகள் அடுக்கியிருந்தன, குருத்தோலை ஞாயிறுக்குக் கோயிலில் தருவது போன்றவை. அடியில் இருந்தவை புகையிலை நிறத்துக்குப் போயிருந்தன. அவர் அவற்றை ஒதுக்கி வாசிக்கத் தொடங்குமுன் ஆச்சி குரல் கொடுத்தாள்.

“எந்த இடம் வந்திருக்கு?”

“லூக்கா பதினஞ்சும்மா.”

“அத விட்டுட்டு அடுத்தத வாசி, மக்கா.”

ஆச்சி 1988 மே மாதம் இறந்தாள். சித்தப்பா பெட்டியைத் தூக்கினார், குழியில் மண் போட்டார், பாட்டு பாடவில்லை.

போன டிசம்பரில் பெங்களூரிலிருக்கும் என் மகள் போனில், “எனக்கு நம்பிக்கை இல்லப்பா. பண்டிகைக்கு வரேன், கோயிலுக்கு மட்டும் கூப்பிடாதீங்க” என்றாள். அன்று இரவு அவளுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன், பத்திக்கு ஒரு வசனம் வீதம். தபாலில் போடப் போனவன், பஸ் ஏறி ஊருக்குப் போனேன். கடிதம் சட்டைப்பையில் இருந்தது.

சித்தப்பாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. இன்றைக்கும் கோயிலுக்குப் போவதில்லை. ஆச்சியின் வேதம் அந்தத் தகரப் பெட்டியில், பகத்சிங்குக்கு மேலே இருந்தது. கேட்டேன், எடுத்துத் தந்தார். அது தானாகவே லூக்காவில்தான் திறந்தது. ஓலைச் சிலுவைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினேன். 17 இருந்தன. அவர் கோயிலை விட்ட மறுவருஷம் தொடங்கி, ஆச்சியின் கடைசிக் குருத்தோலை ஞாயிறு வரைக்கும்.

“ஆச்சிக்குக் கண் போன பொறவு இதெல்லாம் யாரு வச்சது சித்தப்பா?”

அவர் சிலுவைகளை என் கையிலிருந்து வாங்கி, பழையது அடியில் வருகிற மாதிரி வரிசையாக அடுக்கினார்.

“பெரியத்தை கோயில்லேருந்து வாங்கிட்டு வருவா. அம்மா அத எங்கையில குடுத்து, வேதத்துல வையி மக்கான்னு சொல்லுவா” என்றார். “எங்கன்னு ஒருநாளும் சொன்னதில்ல.”