கரடிக்காக வாங்கும் கத்தி

மலையேற்றத்துக்குக் கத்தி வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேர் மனசுக்குள் ஒரு கரடியோடு மல்லுக்கட்டிக்கொண்டேதான் கடைக்குள் நுழைகிறார்கள். இதில் சினிமாவுக்கும் பங்குண்டு. 1982-இல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' படத்துக்கு ஜிம்மி லைல் என்ற அமெரிக்கர் ஒரு கத்தி செய்துகொடுத்தார். முதுகில் ரம்பப் பல், உள்ளே குடைந்த கைப்பிடி, அதற்குள் ஊசி நூல், மூடியில் திசைகாட்டி. லைல் கெட்டிக்காரர், அவர் கத்தி தாங்கியது. அதைப் பார்த்து அடித்த மலிவு நகல்கள்தான் வம்பு. எங்களோடு வந்த ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். பிடி முழுக்கக் குடைவாக இருந்தால் அலகின் காம்பு போய் உட்கார இடமேது? காய்ந்த சுள்ளியில் வைத்து முதுகில் இரண்டு தட்டு தட்டியதும் அலகு வேறு, பிடி வேறு. திசைகாட்டி மட்டும் ஒழுங்காக வடக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

மடக்குக்கத்தியை விட்டு மடங்காத கத்திக்குப் போவதே அந்தக் காம்புக்காகத்தான். கீல் இல்லை, மண் சேரும் இடுக்கு இல்லை, விரல்மேல் மடங்கிவிடுமோ என்ற பயமும் இல்லை. காம்பு பிடியின் கடைசிவரை ஓடினால் உத்தமம். ஆனால் அதையே வேதமாக்க வேண்டாம். சுவீடனின் மோராவில் செய்யும் 'கம்பானியன்' கத்தியில் காம்பு கடைசிவரை போவதில்லை. அலகு பத்து சென்டிமீட்டர் சொச்சம், கனம் 2.5 மில்லிமீட்டர்தான். ஆனாலும் முகாம் வேலைக்கு அது போதும். ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் பட்டையாக ஒன்றை வாங்கிக் கேரட்டில் வைத்துப் பாருங்கள்: நறுக்காது, 'டக்'கென்று பிளக்கும். காட்டில் கத்தி பார்க்கிற வேலை என்ன? வெங்காயம், கயிறு, பிளாஸ்திரி, பிரிய மறுக்கும் பொட்டலம். நம் காடுகளில் மரம் வெட்டவும் தீ மூட்டவும் எப்படியும் விடமாட்டார்கள். 2018-இல் குரங்கணியில் தீயில் சிக்கி மலையேறியவர்கள் மாண்டதை நினைத்தால் மூட்டவும் தோன்றாது.

எஃகைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. கார்பன் ஸ்டீல் சாணைக்குச் சீக்கிரம் படியும், எலுமிச்சை அறுத்து அப்படியே வைத்தால் கறுத்துவிடும். பழைய இரும்பு அரிவாள்மணையில் வாழைப்பூ நறுக்கியவர்களுக்கு இது புதிதல்ல; துடைத்து எண்ணெய் தடவுகிற பழக்கம் இருந்தால் வாங்கலாம். மேற்குத்தொடர்ச்சி மலையின் ஓயாத மழையில் நான் ஸ்டெயின்லெஸ் பக்கம்.

கடையில் யாரும் பார்க்காதது பிடியும் உறையும்தான். கையை நனைத்துக்கொண்டு இறுக்கிப் பிடியுங்கள். விரல் அலகின் பக்கம் வழுக்கினால் கீழே வைத்துவிடுங்கள். உள்ளங்கையில் எங்காவது மூலை உறுத்தினால், கால் மணி நேரம் குச்சி சீவியதும் அந்த இடத்தில்தான் கொப்புளம் வரும். பிறகு கத்தியை உறையில் போட்டுத் தலைகீழாகக் கவிழ்த்து உதறுங்கள். நழுவினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். இறக்கத்தில் சறுக்கி விழும்போது அது தொடையைத் தேடும். பட்டனை நம்பி நிற்கும் உறையைவிட, கத்தி 'கிளிக்'கென்று தானே கவ்விக்கொள்ளும் உறை மேல்.

மிஞ்சும் காசுக்கு ஒரு சின்னச் சாணைக்கல் வாங்கிவிடலாம். விமானத்தில் போகிறவர்கள் கத்தியைச் செக்-இன் பையில் வைக்க வேண்டும். தோள்பையில் மறந்துவைத்த கத்தியைச் சோதனைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள், அதற்கு மோரா என்றும் நகல் என்றும் பேதமில்லை.