மிக்-21 கற்பித்த அமானிதம்



2025 செப்டம்பர் 26 அன்று, மிக்-21 போர் விமானத்துக்கு இந்திய விமானப் படை சண்டிகரில் விடை கொடுத்தது. 1963இல் அதன் முதல் அணி உருவானதும் அதே நகரில்தான். 62 ஆண்டுப் பணி அன்றோடு நிறைவுற்றது. பலருக்கு அது ஒரு நாள் செய்தி. நமக்கோ, இளமை முழுவதும் உடனிருந்த ஒரு துணையின் பிரிவு. இன்று களக்காட்டில் மதரஸாப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நாம், 18 வயதில் விமானப் படையில் சேர்ந்து, 20 ஆண்டுகள் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தோம். அதில் பெரும்பகுதி ராஜஸ்தான் பாலைவனத்துத் தளமொன்றில் இவ்விமானத்தோடு கழிந்தது.

குரலைத் தாழ்த்திப் பேசுமாறு லுக்மான் (அலை) தம் மகனுக்குக் கூறிய அறிவுரையை ஓதிக்கொடுக்கும் நாள்களில், பிள்ளைகள் குறும்பாகக் கேட்பார்கள்: "ஹஸரத், உங்கள் விமானம் எவ்வளவு சத்தம் போடும்?"

மலையில் மழை பெய்து பச்சையாறு இரைந்து வருவதுதான் அவர்கள் அறிந்த பேரோசை. இது வேறு வகை. எஞ்சினிலிருந்து வெளியேறும் வெப்பக் காற்றில் மீண்டும் எரிபொருளைத் தெளித்துப் பற்றவைப்பதை 'ஆஃப்டர்பர்னர்' என்பார்கள். அது பற்றிக்கொண்டதும் வாலிலிருந்து தீ நீண்டு வரும். காதில் பஞ்சும் அதன்மேல் காதுமூடியும் அணிந்திருந்தாலும் விலா எலும்புகள் அதிரும். காலடியில் தரை நடுங்கும். பேச்சு எடுபடாது, கைச்சாடையே மொழி.

அதன் உருவமும் தனி அழகு. மூக்கே காற்றை உள்ளிழுக்கும் வாய். அதன் நடுவில், வேகத்துக்கேற்ப முன்னும் பின்னும் நகரும் கூம்பு. முக்கோணச் சிறகு. ஒலியைப்போல் இரு மடங்கு வேகம். தரை தொடும்போதும் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். வாலிலிருந்து பாராசூட் விரிந்துதான் அதை அடக்க வேண்டும். வடிவமைப்பு சோவியத் நாட்டுடையது. எனினும் பெரும்பாலானவை நாசிக்கில் நம் நாட்டுத் தொழிலாளர் கைகளில் உருவானவை. எஞ்சின்கள் ஒடிசாவின் கோராபுட்டில் செய்யப்பட்டன.

அதற்கு இன்னொரு பெயரும் உண்டு: 'பறக்கும் சவப்பெட்டி'. 872 மிக் விமானங்களில் பாதிக்கு மேல் விபத்துகளில் அழிந்ததாகவும், 171 விமானிகள் உயிரிழந்ததாகவும் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. ஆண்டனி 2012இல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். காரணங்கள் பல. பயிற்சி முடித்த இளம் விமானிகள் நேரே இவ்வதிவேக விமானத்துக்கு வர நேர்ந்தது அவற்றுள் ஒன்று. இடைப்பட்ட பயிற்சிக்கான ஹாக் விமானம் 2008இல்தான் படைக்கு வந்தது. ஆகவே, நாம் அதை வியந்தது அச்சத்தோடு கலந்த வியப்பே.

அந்த அச்சம்தான் நம் பணியை ஒழுங்குபடுத்தியது. காலையில் வரிசையாக நின்று தரையைப் பார்த்தபடி ஓடுதளத்தில் நடப்போம். ஒரு சிறு கூழாங்கல் எஞ்சினுக்குள் போனாலும் அதன் தகடுகள் சிதையக்கூடும். வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணுவோம். ஒரு திருப்புளி குறைந்தாலும், அது கிடைக்கும்வரை விமானம் நகராது. எல்லாம் முடிந்தபின் 'ஃபார்ம் 700' என்னும் பதிவேட்டில், அவரவர் பார்த்த வேலைக்கு அவரவர் கையொப்பமிடுவோம். விமானி வந்து அதைப் படித்து, தாமும் கையொப்பமிட்டு, ஏணியில் ஏறுவார். வாரை இறுக்கிக் கட்டிவிட்டு நாம் இறங்கிவிடுவோம். அதன்பின் அவருக்கும் மரணத்துக்கும் இடையில், அல்லாஹ்வின் நாட்டத்துக்கு உட்பட்டு, நாம் முடுக்கிய திருகாணிகளே இருக்கும்.

ஒரு மாலை நான்கு விமானங்கள் சென்றன, மூன்று திரும்பின. அடிவானத்தில் செம்மண் புயல் சுவராக எழுந்து வந்துகொண்டிருந்தது. நான்காவது, நாம் கையொப்பமிட்ட விமானம். பதிவேட்டைத் திறந்து, அன்று செய்த ஒவ்வொரு வேலையையும் வரி வரியாக மனத்துக்குள் மீண்டும் செய்து பார்த்தோம். எண்ணெய் பார்த்தோமா? மூடியைப் பூட்டினோமா? பூட்டியதைத் தொட்டுப் பார்த்தோமா? அருகில் நின்ற தோழர் ஒருவர் தம் கடவுளை வேண்டிக்கொண்டிருந்தார். நம் உதடுகளில் ஸலவாத்து. ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் கழித்து, புயலால் வேறொரு தளத்தில் அவர் நலமாக இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. அன்றைய மஃக்ரிபில் ஸஜ்தாவிலிருந்து தலையை உயர்த்த மனம் வரவில்லை.

அந்த விமானி நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். பதிவேட்டில் முஸ்லிம் பெயரொன்றைக் கண்டு அவர் ஒரு நாளும் தயங்கியதில்லை. தொழுகை நேரம் நெருங்கினால் தோழர்கள் நம் இடத்தில் நின்றுகொள்வார்கள். அவர்களின் பண்டிகை நாள்களில் நாம் அவர்கள் இடத்தில் நிற்போம். ஹைதராபாத்தில் பிறந்த இத்ரீஸ் ஹஸன் லத்தீஃப், பிரிவினையின்போது இந்தியாவிலேயே தங்கி, 1978 முதல் 1981 வரை இதே விமானப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். நம்பிக்கை என்பது கேட்டுப் பெறுவதன்று. நாள்தோறும் கையொப்பத்துக்குக் கையொப்பம் சேர்வது.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தில் கட்டளையிடுகிறான். அமானிதம் என்றதும் பிறர் நம்மிடம் கொடுத்துவைத்த பணமும் நகையுமே நினைவுக்கு வருகின்றன. பிறர் நம்பி விட்டுச்செல்லும் உயிரும் அமானிதமே. ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஒட்டகங்கள் உலவிய அந்தப் பாலைவனத்தில், திருகாணியை முடுக்குவதும் தவக்குலின் ஒரு பகுதி என்று கண்டுகொண்டோம்.

இங்கே களக்காட்டில் நம் ஜமாஅத்தினருள் பள்ளி வேன் ஓட்டுபவர் உண்டு. மின்கம்பி இழுப்பவர் உண்டு. மருந்துக் கடையில் நிற்பவர் உண்டு. கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் தாய்மார் உண்டு. இவர்கள் எவரிடமும் கையொப்பம் கேட்கும் பதிவேடு இல்லை. ஆனால் வலத்திலும் இடத்திலும் எழுதுவோர் இருக்கிறார்கள். இன்றிரவு உறங்கச் செல்லுமுன் நம் பிள்ளைகளிடம், "இன்று உன்னை நம்பி ஒருவர் விட்ட வேலை எது? அதை முழுமையாகச் செய்தாயா?" என்று கேட்டுப் பாருங்கள். வாப்பாவும் உம்மாவும் முதலில் தம்மையே அவ்வாறு கேட்டுக்கொண்டால், அப்பழக்கம் வீட்டில் வேரூன்றும்.

அந்த எஞ்சினின் ஓசை ஓய்ந்துவிட்டது. அதைப் பறக்கவைத்தவர்களின் வேலையோ என்றும் ஓசையில்லாதது; அதை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். ஏற்ற அமானிதங்களை நிறைவேற்றிய நிலையில் தன்னைச் சந்திக்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.