நம்ம ஊர் நெல்லும் யாரும் விதைக்காத குளநெல்லும்

கும்மிடிப்பூண்டி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சிப்காட்டும் இரும்புக் கம்பி ஆலைகளும்தான். நெல் விஷயத்தில் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்கு உலக அளவில் ஒரு பெயர் உண்டு என்று சொன்னால் கல்லூரி நண்பர்களே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இன்றைக்கு அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

என் தாத்தா பல வருடம் பயிர் செய்தது ஐ.ஆர்.20. அவர் அதை "வெளிநாட்டு நெல்லு" என்றுதான் சொல்வார். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1969-இல் வெளியிட்ட ரகம் அது. ஆகவே தாத்தா சொன்னதில் தப்பில்லை. ஆனால் முழு உண்மையும் அதுவல்ல. அந்த நெல்லுக்குப் பெற்றோர் இரண்டு. அதில் ஒன்றின் பெயர் டி.கே.எம்.6. இது பிறந்த இடம் திருவள்ளூருக்குப் பக்கத்தில் உள்ள திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம்! 1942-இல் தொடங்கிய இந்த நிலையம் இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. டி.கே.எம். என்ற எழுத்துகள் திரூர்க்குப்பம் என்ற பெயரின் சுருக்கம். ஆக, தாத்தாவின் வெளிநாட்டு நெல்லில் சரிபாதி எங்கள் மாவட்டத்துக்காரர்.

டி.கே.எம்.6 வெளியானது 1952-இல். ஜி.இ.பி.24, கோ 18 என்ற இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்த்து உருவாக்கினார்கள். உயரமாக வளரும், உரம் போட்டால் சாய்ந்துவிடும். பசுமைப் புரட்சி காலத்தில் குட்டை ரகங்கள் வந்தபிறகு இப்படிப்பட்ட நெல்லை யார் சீந்துவார்கள்? ஆனால் குட்டை ரகங்களுக்குப் பூச்சியைத் தாங்கும் சக்தி போதவில்லை. அப்போதுதான் டி.கே.எம்.6-ஐத் தேடி வந்தார்கள். தண்டுத் துளைப்பானை ஓரளவு தாங்கும் குணம் அதனிடம் இருந்தது. அதைத்தான் ஐ.ஆர்.20-க்குக் கொடுத்தார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது புகையான் கதை. நெல்லின் அடித்தண்டில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சி, வயலையே தீப்பிடித்த மாதிரி காயவைக்கும் பூச்சி இது. டி.கே.எம்.6-க்குப் புகையானைத் தாங்கத் தெரியாது. ஆனால் அதன் பிள்ளைகளில் சில தாங்கின! 1973-இல் வெளியான ஐ.ஆர்.26 அப்படிப்பட்டது. காரணத்தைத் தேடியபோது, எதிர்ப்பு தரும் மரபணு டி.கே.எம்.6-இல் இருக்கிறது, அதை அமுக்கி வைக்கும் இன்னொரு மரபணுவும் கூடவே இருக்கிறது என்று தெரிந்தது. வேறு நெல்லோடு சேர்ந்தபோது இரண்டும் பிரிந்து, ஒளிந்திருந்த குணம் வெளியே வந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். புகையானுக்கு ஆகாத நெல் என்று 1960-களிலேயே ஒருவர் அந்த விதை மூட்டையைத் தூக்கிப் போட்டிருந்தால்? அவர் செய்தது நியாயமாகவே தெரிந்திருக்கும். ஒரு செடியின் மதிப்பை அந்தச் செடியைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. விதை வங்கி, மரபுவளச் சேமிப்பு என்றெல்லாம் சொல்கிறார்களே, அதற்கு அடிப்படையே இதுதான்.

இன்னொரு உதாரணம் இதைவிடப் பெரியது. புகையான் சாறு உறிஞ்சுவதோடு நிற்பதில்லை, ஒரு வைரஸ் நோயையும் பரப்பும். அந்த நோய் வந்த பயிர் குட்டையாக நின்று, புல் மாதிரி தூர் கட்டும், கதிர் விடாது. 1970-களின் தொடக்கத்தில் ஆசியாவில் இது பயமுறுத்தியபோது, சேமிப்பில் இருந்த 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். பயிர் செய்யும் நெல் ஒன்றுகூடத் தேறவில்லை. தேறியது ஒரே ஒரு காட்டு நெல் மாதிரி. உத்தரப் பிரதேசத்தில் தானாக முளைத்துக் கிடந்த இடத்தில் சேகரித்தது. அதன் அறிவியல் பெயர் ஒரைசா நிவாரா. நீவாரம் என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வைத்த பெயர். தமிழில் நமக்கு இதற்குக் குளநெல் என்று அழகான சொல்லே இருக்கிறது.

அந்த ஒரே மாதிரியிலும் எல்லாச் செடிகளும் நோயைத் தாங்கவில்லை. சில செடிகள்தான் தாங்கின. சேகரித்தவர் ஒரு செடியில் மட்டும் கதிரை உருவிக்கொண்டு போயிருந்தால் அந்தக் குணம் கைக்கே கிடைக்காமல் போயிருக்கலாம். கிடைத்ததை வைத்து 1976-இல் ஐ.ஆர்.36 வந்தது. அதன் வம்சத்தில் இந்தக் குளநெல்லும் உண்டு, நம்ம டி.கே.எம்.6-உம் உண்டு. 1980-களில் உலகில் சுமார் 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேரில் அதைப் பயிர் செய்தார்கள்.

குளநெல்லைச் சேமிப்பது லேசான வேலையில்லை. வயல் நெல்லைப் போல ஒரே நாளில் அறுக்க முடியாது. மணிகள் ஒவ்வொன்றாக முற்றும், முற்றியதும் உதிர்ந்துவிடும். கதிருக்குப் பை கட்டி வைத்துத்தான் பிடிக்க வேண்டும். பிறகு நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத உறையில் போட்டு, மைனஸ் 18 டிகிரி அளவு குளிரில் வைக்கிறார்கள். அங்கேயும் விதைக்கு வயசாகும். முளைப்புத் திறன் குறைந்தால் மறுபடி வளர்த்துப் புது விதை எடுக்க வேண்டும். அப்போது பக்கத்து வயல் நெல்லின் மகரந்தம் கலந்துவிட்டால் பாடுபட்டது வீண்.

விதையோடு ஒரு சீட்டும் போகும். எந்த ஊர், எந்தக் குளம், எந்த மாதம், எத்தனை செடியில் எடுத்தது, தண்ணீர் எவ்வளவு நின்றது என்ற விவரம் அதில் இருக்கும். இந்தச் சீட்டு தொலைந்தால் உள்ளே இருப்பது வெறும் ஒரு பிடி நெல். உப்புத் தண்ணீரைத் தாங்கும் நெல் வேண்டும் என்று நாளை ஒருவர் தேடி வந்தால், எந்த உறையைப் பிரிப்பது என்று யாருக்கும் தெரியாது.

"அதுதான் பிலிப்பைன்ஸில் 1,30,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றனவே, 2008-இல் திறந்த நார்வே பனிக்கிடங்கிலும் நகல் வைத்திருக்கிறார்களே, அப்புறம் என்ன கவலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஐ.ஆர்.26-க்கு என்ன ஆனது தெரியுமா? நாலைந்து வருடத்துக்குள் அதையும் தின்னும் புகையான் வந்துவிட்டது. பூச்சி மாறிக்கொண்டே இருக்கிறது. உறைக்குள் இருக்கும் விதை, உள்ளே போன அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது. குளத்தில் இருக்கும் செடிதான் வருடா வருடம் பூச்சியோடும் வெயிலோடும் மல்லுக்கட்டி மாறிக்கொண்டிருக்கிறது. அதனால் குளிர் அறையும் வேண்டும், குளமும் வேண்டும்.

எனக்குக் கவலை தருவது இந்த இரண்டாவதுதான். குளநெல் ஆழமான தண்ணீரில் வளர்வதில்லை. மழைக்கு நிறைந்து கோடையில் காயும் ஓரங்களிலும் பள்ளங்களிலும்தான் வளரும். எங்கள் பக்கம் முதலில் காணாமல் போவதும் அந்த ஓரம்தான். பிளாட் போடுகிறவருக்கு அது சும்மா கிடக்கிற இடம். தூர் வாருகிறவருக்கு மண் எடுக்க வசதியான இடம். விவசாயிக்கோ காட்டு நெல் என்றால் வயலுக்குள் வந்து தொல்லை கொடுக்கும் களை. தாத்தாவும் வரப்பில் கண்டால் பிடுங்கித்தான் போடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய வயலில் அதற்கு இடமில்லைதான். ஆனால் ஏரியின் ஓரத்தில் இருக்கலாமே?

2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு குழுவும், ஊரில் உள்ள உயிர்களை எழுதி வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். இதற்கான தேசிய ஆணையம் இருப்பதே சென்னையில்தான். எங்கள் ஊராட்சியின் பதிவேட்டில் குளநெல் என்று ஒரு வரி இருக்கிறதா என்று அடுத்த கிராம சபையில் கேட்கலாம் என்றிருக்கிறேன். தூர் வாரும்போது ஒரு பக்கத்து ஓரத்தை மட்டும் விட்டுவைக்கச் சொல்லியும் கேட்பேன். பைத்தியம் என்பார்கள், பரவாயில்லை.

நீங்களும் மழைக்காலம் முடியும் சமயத்தில் உங்கள் ஊர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். நீளமான கூரோடு, தொட்டால் உதிரும் மணியோடு, யாரும் விதைக்காத நெல் ஒன்று அங்கே நிற்கலாம். நின்றால் உங்கள் ஊராட்சியிலும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்களேன்.