ஆலய பிக்கப்பும் பாட்டியின் அர்ச்சனைத் தட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிச்சிடுங்க. வீட்டுல பிக்கப் வச்சிருக்கிற பையன் இருந்தா அவனுக்கும் காட்டுங்க.

நம்ம ஆலயத்துக்குப் பெரிய ரதம் கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும். டபுள் கேப் ஹைலக்ஸ் மேல இரும்புச் சட்டம் போட்டு, பலகை அடிச்சு, பீடம் வச்சுத்தான் ஆடித் திருவிழாவுக்கு அம்பாளை எழுந்தருளச் செய்யறோம். மத்த நாள்ல பிரிக்பீல்ட்ஸ் போய் மாலை எடுத்துட்டு வர்றதும் இதே வண்டிதான், அன்னதானத்துக்கு அரிசி மூட்டை ஏத்தறதும் இதே வண்டிதான்.

போன ஆடி ஊர்வலத்துல, தாமானுக்குள்ள மூணாவது வரிசை வீட்டு வாசல்ல ஒரு பாட்டி தட்டோட நின்னாங்க. 80 வயசுக்கு மேல இருக்கும். தட்டைத் தூக்கிப் பார்த்தாங்க, எட்டல. நான் வாங்கி மேலே குருக்கள்கிட்ட கொடுத்தேன். "பரவால்லப்பா, என் கையால கொடுக்கணும்னு ஆசைப்பட்டேன்" அப்படின்னாங்க. அவ்வளவுதான். ஆனா அந்த வார்த்தை மனசுல உக்காந்துடுச்சு.

அடுத்த நிர்வாகக் கூட்டத்துல இதைச் சொன்னேன். இளைஞர் பிரிவு பசங்க உடனே போனை எடுத்துட்டாங்க. "மாமா, வண்டியை லோவர் பண்ணிடலாம். பாட்டிக்கும் எட்டும், வண்டியும் அழகா இருக்கும்." சொன்னவன் என் அக்கா மகன். தாய்லாந்துல பிக்கப்பை இறக்கி ஓட்டறது பெரிய மோகம். அங்கிருந்து வர்ற கிட் கிள்ளான் பக்கம் பட்டறைகள்லயும் கிடைக்குது. அவன் காட்டின படமெல்லாம் தரையைத் தொடற மாதிரி நிக்கிற வண்டிங்க.

எல்லாரும் சரின்னாங்க. எனக்கு மட்டும் வாய் வரல. இதுவரைக்கும் குடும்பத்துல கூட முழுசா சொல்லாத ஒரு விஷயத்தை அன்னைக்குத்தான் சொன்னேன். இங்கேயும் சொல்லிடறேன்.

13 வருஷத்துக்கு முன்னாடி என்கிட்டயும் ஒரு பழைய பிக்கப் இருந்தது. நானும் இறக்கினேன். முன்னால டார்ஷன் பார், போல்ட்டைத் திருப்பினாலே வண்டி தாழ்ந்துடும். பின்னால 'ஃபிளிப் கிட்'. அதாவது, பட்டை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற அச்சை மேலே மாத்தி உட்கார வைக்கறது. ஒரே நாள்ல 4 அங்குலத்துக்கு மேல இறங்கிடுச்சு. பார்க்கிறவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. எனக்கும் தலைகால் புரியல.

அந்த வருஷம் தைப்பூசத்துக்கு, பத்துமலை தண்ணீர்ப்பந்தலுக்குப் பான அட்டைப்பெட்டி ஏத்திட்டுப் போனேன். பாரம் ஏறினதும் ஒவ்வொரு மேட்டுலயும் அச்சு மேலே இடிக்குது, டயர் உள்ளே உரசுது. மெதுவா ஓட்டிப் போய்ச் சேர்ந்துட்டேன். ஆபத்து அங்கே இல்ல. திரும்பும்போது வண்டி காலி, விடியற்காலை, பெடரல் நெடுஞ்சாலையில நல்ல மழை. முன்னால போன கார் நின்னுச்சுன்னு பிரேக் மிதிச்சேன். பின் சக்கரம் ரெண்டும் பூட்டிக்கிச்சு. வண்டி ஒரு முழுச் சுத்து சுத்தி, நடுத் தடுப்புக்கு ஒரு கை தூரத்துல நின்னுச்சு. பின்னால லாரி எதுவும் வரல. அம்பாள் காப்பாத்தினான்னுதான் சொல்லணும்.

பக்கத்து சீட்டுல தூங்கிட்டு இருந்தவன் 9 வயசுப் பையன். இப்போ கிட் கேட்கிற அதே அக்கா மகன்.

ஏன் அப்படி ஆச்சுன்னு அப்புறம் ஒரு வயசான போர்மேன் வண்டிக்குக் கீழே படுத்துக் காட்டினார். நிறைய பிக்கப்புல பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவுல கம்பியோட ஒரு பிரேக் வால்வு இருக்கும். பாரம் ஏறி பின்பக்கம் தாழ்ந்தா, அது பின் சக்கரத்துக்கு அதிக பிரேக் அனுப்பும். காலியா உயர்ந்து நின்னா குறைச்சு அனுப்பும். வண்டியை நிரந்தரமா இறக்கிட்டா, காலியா இருந்தாலும் பாரம் இருக்குன்னு அந்த வால்வு நினைச்சுக்கும். பின் சக்கரத்துல எடை இல்ல, பிரேக் மட்டும் அதிகம். மழையில பூட்டிக்காம என்ன செய்யும்? கிட் போட்டப்போ அந்தக் கம்பியைச் சரி பண்ணணும்னு யாரும் சொல்லல. நானும் கேட்கல. என் கவனமெல்லாம் எவ்வளவு இறங்கும் என்கிறதுல மட்டும்தான்.

நான் சொல்லி முடிச்சதும் கூட்டத்துல சத்தமே இல்ல. அக்கா மகன் தலை குனிஞ்சு இருந்தான். ஆனா அந்த சனிக்கிழமை அவனே அளவு நாடா எடுத்துட்டு ஆலயத்துக்கு வந்தான். "மாமா, அளந்து பார்த்துடலாம்."

அளந்தோம். இரும்புச் சட்டம், பீடம், பேட்டரி எல்லாம் ஏத்தி, அம்பாள் இடத்துல அரிசி மூட்டை வச்சு, ஆளுங்களையும் உட்கார வச்சுப் பார்த்தா, பின்பக்கம் ஏற்கெனவே 2 அங்குலம் தாழ்ந்து நிக்குது. அச்சு இடிக்காம இருக்க வச்சிருக்கிற ரப்பர் முட்டுக்கு மேல மிச்சம் இருக்கிறது கொஞ்ச இடம்தான்.

வழி என்னென்னன்னும் பார்த்தோம். ஒண்ணு, ஸ்பிரிங்ல ஒரு பட்டையைக் கழட்டறது. மலிவுதான், ஆனா பாரம் தாங்குற சக்தியையே கழட்டற மாதிரி. ரெண்டு, வளைவு குறைஞ்ச பட்டை செட் போடறது. இது நிதானமான வழி, ஆனா நமக்கு இருக்கிற கொஞ்ச இடத்தையும் அது தின்னுடும். மூணு, ஃபிளிப் கிட். நல்லா இறங்கும், ஆனா அச்சு அடிக்காம இருக்க சேசிஸையே வெட்டி வளைவு வைக்க வேண்டி வரும். அம்பாள் உட்கார்ற வண்டியோட முதுகெலும்பை வெட்ட யாருக்கு மனசு வரும்?

கடைசியா பாட்டி உயரத்துக்கு ஒரு பையன் நின்னு கை நீட்டினான். ஒரு அடிக்கு மேல எட்டல. நிதானமா 2 அங்குலம் இறக்கினாலும் பாட்டிக்கு எட்டாது. கிட்டால தீர்ற பிரச்சனையே இல்ல இது.

அப்போ மாதர் பிரிவு அக்கா ஒருத்தங்க கேட்டாங்க: "பத்துமலைக்குப் போற வெள்ளித் தேர் எவ்வளவு உயரம்? அதுல மேல இருக்கிறவங்கதானே குனிஞ்சு தட்டை வாங்கறாங்க?" இவ்வளவு நாள் யாருக்கும் இது தோணல பாருங்க.

அதனால நாங்க செஞ்சது இதுதான். பீடத்தை 8 அங்குலம் குறைச்சோம். குருக்கள் உட்கார ஓரத்துலயே தாழ்வா பலகை போட்டோம். கைப்பிடியோட ரெண்டு படி செஞ்சோம். வண்டி நின்னதும் இறக்கி வைப்போம், தொண்டர் ஒருத்தர் பிடிச்சுக்குவார், அப்புறம் எடுத்துடுவோம். கிட்டுக்கு ஒதுக்கின பணத்துல புது அப்சோபரும் டயரும் போட்டாச்சு. உபயம் கொடுத்தவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சோம்.

சொந்த வண்டியை இறக்கியே ஆகணும்னு இருக்கிற தம்பிங்களுக்கு, பட்டறையில கேட்க வேண்டியது:

1. இறக்கின பிறகு முழு பாரத்தோட ரப்பர் முட்டுக்கு எவ்வளவு இடைவெளி மிச்சம்?
2. உயரத்துக்கேத்த குட்டை அப்சோபர் கிட்லயே வருதா?
3. பின் பிரேக் வால்வுக் கம்பியைச் சரி பண்ணித் தருவாங்களா?
4. அலைன்மென்ட்டும் முன் விளக்கும் திருப்பிச் சரி பார்ப்பாங்களா?
5. ஜேபிஜே அனுமதி என்ன ஆச்சு? இன்சூரன்ஸ்ல சொல்லியாச்சா?

ஒண்ணுக்காவது பதில் சரியில்லன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. காசு போனா சம்பாதிக்கலாம்.

இந்த ஆடிக்கு அதே வாசல்ல வண்டி நின்னுச்சு. படியை இறக்கி வச்சவன் என் அக்கா மகன். பாட்டியோட முழங்கையைப் பிடிச்சு ஏத்தினான். பாட்டி தட்டைத் தன் கையாலயே குருக்கள்கிட்ட கொடுத்தாங்க. இறங்கும்போது அவன் தலையில கை வச்சு, "நல்லா இருப்பா" அப்படின்னாங்க.

நான் வண்டிக்குப் பின்னால போய்க் கண்ணைத் துடைச்சுக்கிட்டேன்.

அடுத்த ஊர்வலத்துக்குப் படி பிடிக்க இன்னும் ரெண்டு பேர் தேவை. வர முடிஞ்சவங்க ஆலய அலுவலகத்துல பேர் கொடுங்க.

ஓம் சக்தி 🙏