பென்சில் தேதி போட்ட முட்டைகள்

தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்து வீடு. ஆவணி முடியப்போகிறது, காற்று மட்டும் இன்னும் ஓயவில்லை. "கையக் கழுவிட்டு வாங்க. மூடியத் தொட்டுறாதீங்க" என்று சொல்லித்தான் அக்கா உள்ளறைக்குக் கூட்டிப்போனார். நண்பனுக்கு அக்கா, அதனால் எனக்கும். கொடாப்பும் அடைக்கோழியுமாக வருஷக்கணக்கில் நாட்டுக்கோழி வளர்க்கிறவர். இன்குபேட்டரில் முட்டை வைத்தது இதுதான் முதல் தடவை. இன்று இருபதாம் நாள்.

வெயில் படாத அறை. மக்காச்சோள மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெஞ்சு, அதன் மேல் பெட்டி. ஐம்பது முட்டை பிடிக்கும். மேலே உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் மூடி, பின்னால் இன்வெர்ட்டருக்குப் போகும் வயர். டிஸ்பிளேயில் 37.5, அதன் கீழே ஈரப்பதம் 68. உள்ளே தனியாக ஒரு சின்ன தெர்மாமீட்டரும் கிடக்கிறது. பெட்டி காட்டும் சூட்டை அப்படியே நம்பக் கூடாது என்று வாங்கிப் போட்டிருக்கிறார். சரியான செலவு. சூடு கூடினால் குஞ்சு முந்திக்கொண்டு, தொப்புள் சரியாக மூடாமல் வெளியே வரும். குறைந்தால் நாள் தள்ளும். எகிப்தில் பெரிய மண் அடுப்புகளில் ஆயிரக்கணக்கில் பொரித்தவர்கள் முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்தே சூட்டைக் கணித்தார்கள். அந்தப் பழக்கம் நமக்கு வரத் தலைமுறை பிடிக்கும். தெர்மாமீட்டர் மலிவு.

"திருப்புற தட்டு எங்கக்கா?"

"பதினெட்டாம் நாளே எடுத்தாச்சுங்க. இனி உருட்டுனா குஞ்சுக்குத் திசை தெரியாமப் போயிரும்."

அதுவரை மோட்டார் மணிக்கொருமுறை முட்டைகளைச் சாய்த்துக்கொண்டிருந்தது. அடைக்கோழி அலகால் புரட்டுவதும் இதற்குத்தான்: கரு ஒரே பக்கம் கிடந்தால் உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். ஈரப்பதத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. முதல் பதினெட்டு நாளும் 50, 55 போதும். முட்டை தன் எடையில் எட்டில் ஒரு பங்கை ஓட்டின் துளைகள் வழியே நீராக இழக்க வேண்டும். அப்போதுதான் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும். கடைசி மூன்று நாள் 65க்கு மேல் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் ஓடு உடைந்ததும் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும்.

சாயங்காலம் ஓர் ஓட்டில் மிளகளவு பொக்கை விழுந்தது. அதற்கும் முன்னாலேயே, காது வைத்தால் கேட்கும்படி, உள்ளிருந்து கீச்சுச் சத்தம். சவ்வைக் கிழித்து அலகைக் காற்றறைக்குள் நீட்டியதும் குஞ்சு மூச்சு விடத் தொடங்கிவிடுகிறது; ஓட்டைக் கொத்துவது அதற்கப்புறம்தான். அலகு நுனியில் இதற்கென்றே ஒரு வெள்ளை முள் இருக்கும், சில நாளில் உதிர்ந்துவிடும். பொக்கை விழுந்தபின் மணிக்கணக்கில் அசைவே இல்லை. அக்காவுக்குக் கை பரபரத்தது. எனக்கும்தான். ஆனால் அந்த நேரத்தில்தான் சவ்வில் ஓடும் ரத்தம் உள்ளே இழுபடுகிறது, மீதி மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகிறது. நாம் ஓட்டை உரித்துவிட்டால் ரத்தம் கொட்டும். ஒரு முட்டைக்காக மூடியைத் திறந்தால் ஈரம் மொத்தமும் வெளியேறி, பொக்கை விட்டிருக்கும் மற்றவையும் மாட்டிக்கொள்ளும். விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இந்தக் கட்டத்தின் வேலை.

விடியற்காலையில் அது முட்டைக்குள் சுழன்று சுழன்று அகன்ற முனையை வட்டமாக வெட்டியது. தொப்பி கழன்றது. நனைந்து, கழுத்து நிற்காமல், பார்க்கச் சகிக்காத ஒரு ஜீவன் கம்பி வலை மேல் விழுந்தது. சற்று நேரத்தில் அது பக்கத்து முட்டைகளின் மேலெல்லாம் ஏறி மிதித்தது. உள்ளேயிருந்து பதில் கத்தல். மதியத்துக்குள் பெட்டி முழுக்க இரைச்சல்.

உலர்ந்து பஞ்சாகும்வரை அவை உள்ளேயே கிடக்கலாம். இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும். ஒருநாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் தீனி தண்ணீர் இல்லாமல் ஊர் விட்டு ஊர் அனுப்ப முடிவது இதனால்தான். அப்புறம் புரூடர். தகரத் தடுப்பு, உமி, பல்பு. முதல் வாரம் 35 டிகிரி, வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்க வேண்டும். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து.

வைத்தது 48. பொரித்தது 29. மெஷின் சரியில்லையோ என்று அக்கா முணுமுணுத்தார். முதல் தடவை பொரிக்கிற எல்லோரும் முதலில் மெஷினைத்தான் சந்தேகப்படுவார்கள். அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் இட்ட தேதி எழுதியிருந்தார். எனக்கு அந்த நோட்டுதான் பெட்டியைவிடப் பெரிய கருவியாகத் தெரிந்தது.

இருபத்திரண்டாம் நாள் காலை, பொரிக்காமல் நின்ற எட்டையும் வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய் உடைத்தோம். காற்று வீசும் பக்கமாக நிற்பது நல்லது. ஒன்றில் குஞ்சு முழுசாக வளர்ந்திருந்தது, தலை மட்டும் கூர்முனைப் பக்கம். தட்டில் கூர்முனை கீழே இருக்க வேண்டும்; அது தலைகீழாக நின்றிருக்கிறது. இரண்டில் வீங்கிய குஞ்சும் கொழகொழத் தண்ணீரும். நோட்டைப் புரட்டினால், முதல் வாரம் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு வாய்க்காலிலும் தண்ணீர் ஊற்றி ஈரப்பதம் 70ஐத் தாண்டியிருக்கிறது. இன்னொன்று பொக்கை விட்டபின் செத்தது. அதற்குக் காரணம் பிடிபடவில்லை. மீதி நாலும் பாதியிலேயே கரு செத்தவை. நாலின் ஓட்டிலும் தேதி 10/8, 11/8. பெட்டிக்குள் போனது 23ஆம் தேதி.

"எங்க வெச்சிருந்தீங்க?"

"சமையக்கட்டுல, கம்புச் சட்டிக்குள்ளதான்."

கரு 21 டிகிரிக்கு மேல் போனாலே லேசாக வளரத் தொடங்கும். சமையலறைச் சூட்டில் அது வளரவும் முடியாமல் உறங்கவும் முடியாமல் பன்னிரண்டு நாள் கிடந்திருக்கிறது. ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது, அதுவும் வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில். அக்கா அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார்.

ஏழாம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்து எடுத்துவிட்ட பதினொன்று மிச்சம். நரம்போட்டமே இல்லாமல் வெளிச்சம் அப்படியே ஊடுருவியவை. அவற்றில் பத்தின் மேல் பென்சில் வட்டம் போட்டிருந்ததாக நோட்டு சொன்னது. வட்டம் என்றால் மேற்குத் தோட்டத்துப் பெரியம்மா கொடுத்தவை. வந்த பத்தும் போயிருக்கின்றன. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும்; நாமக்கல்லிலிருந்து கடைக்கு வரும் முட்டையை எத்தனை நாள் சூட்டில் வைத்தாலும் பொரிக்காததற்கு அதுதான் காரணம். சேவலைப் பிரித்தாலும் இரண்டு வாரம் போலக் கரு கூடும், அதற்குமேல் பிடிக்காது.

அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"பெரிம்மா, உங்கூட்டுச் சேவல் இருக்குதுங்களா?"

"அது எங்க சாமி இருக்குது? ஆடி நோம்பிக்கு மாப்பிள்ளை வந்தாருன்னு அன்னிக்கே கொழம்பு வெச்சாச்சு."